பிரஷ்லெஸ் டிரக்குக்கு ஸ்லிப்பர் கிளட்ச்: அளந்து பொருத்தும் முறை

ரிமோட்டில் ஓட்டும் மாதிரி டிரக்கின் பின்பக்க டிஃப் (இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல்) மூடியைக் கழற்றினால் கிரீசுக்குள் மூன்று பல் தனியாகக் கிடக்கிறது. ரிங் கியரில் அடுத்தடுத்த மூன்று பல் அடியோடு போயிருக்கிறது, மற்ற பற்களில் கீறல்கூட இல்லை. தேய்ந்து போன கியர் இப்படி இருக்காது. இது ஒரே அடியில் உடைந்தது.

வண்டி 1/10 அளவு, நான்கு சக்கர டிரைவ், பேட்டரியோடு 2.6 கிலோ. 3660 அளவு 3300 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 3300 சுற்று) பிரஷ்லெஸ் மோட்டார், 60 ஆம்பியர் இஎஸ்சி (மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி), 3எஸ் (மூன்று செல்) லிப்போ பேட்டரி. பினியன் (மோட்டார் தண்டின் கியர்) 13 பல், ஸ்பர் (அது ஓட்டும் பெரிய கியர்) 54 பல், இரண்டும் 0.8 மாட்யூல் (பல்லின் அளவு). டிஃப் விகிதம் 37க்கு 13. ஸ்பர் கியரை நடு ஷாஃப்டில் குறுக்கு ஊசி (பின்) போட்டு இறுக்கியிருக்கிறார்கள். நடுவில் டிஃப்பும் இல்லை, கிளட்சும் இல்லை. 2எஸ் பேட்டரிக்கு இந்த அமைப்பு எப்படியோ தாக்குப்பிடிக்கும். 3எஸ் மாட்டினால் டிஃப்தான் முதலில் போகும்.

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பத்தாங் பெர்ஜுந்தையில் (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) வண்டி ஓடுகிற தரை மூன்று வகை: செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலை, பழைய ஈயச் சுரங்கம் விட்டுப்போன மணல் மேடு, தாமானின் (வீடமைப்புப் பகுதியின்) தார் ரோடு. மேட்டில் ஏறிக் குதிக்கும்போது சக்கரம் காற்றில் சுழல்கிறது, பையன்கள் ரிமோட்டின் வேக டிரிக்கரை விடுவதில்லை. வண்டி வந்து விழுவது லோரி ஓடி இறுகிய செம்மண்ணில். சக்கரம் அந்த இடத்திலேயே வேகம் குறைகிறது, மோட்டார் குறைவதில்லை. 11.1 வோல்ட்டில் 3300 கேவி என்றால் சுமையில்லாமல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 36,600 சுற்று. 14 மி.மீ. விட்டமும் 35 கிராம் எடையும் உள்ள ரோட்டர் அந்த வேகத்தில் 6 ஜூல் ஆற்றலை வைத்திருக்கும். ஒரு கிலோ எடையை 60 செ.மீ. உயரத்திலிருந்து போட்டால் வருவது அவ்வளவுதான். ஆனால் இங்கே அதை வாங்குவது டிஃப் கியரின் ஒன்றிரண்டு பல். புது ரிங் கியர் போட்டு அப்படியே மூடினால் அடுத்த மேட்டில் அதுவும் போகும். அதனால் கிளட்ச்.

எந்த கிளட்ச் என்பதில் குழப்பம் உண்டு. நைட்ரோ எரிபொருள் எஞ்சின் வண்டியில் இருக்கும் மையவிலக்கு கிளட்சை எடுத்து மாட்டலாமா என்று கேட்கிறார்கள். ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற கப்சாய் மோட்டார்சைக்கிளில் நின்றபடி எஞ்சினை ஓடவிடுவதும் அந்த வகைதான்: சுற்று ஏறினால் ஷூ விரிந்து மணியை (சுற்றியிருக்கும் வெளிக் கிண்ணத்தை) பிடிக்கும், சுற்று இறங்கினால் விட்டுவிடும். பெட்ரோல் எஞ்சினும் நைட்ரோ எஞ்சினும் நின்ற இடத்திலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதற்காக அது தேவை. மின்மோட்டார் பூஜ்ய சுற்றிலிருந்தே இழுக்கும், அதற்கு அந்தத் தேவை கிடையாது. சென்சார் இல்லாத மோட்டார் கிளம்பும்போது வரும் திக்குதலை அது மறைக்கும், அது உண்மை. ஆனால் சுற்று இறங்கியதும் ஷூ விட்டுவிடுவதால் மெதுவேகத்தில் மோட்டார் பிரேக் இருக்காது, தனியாக டிஸ்க் பிரேக்கும் அதற்கொரு செர்வோவும் வைக்க வேண்டும். சென்டர் டிஃப் இன்னொரு வழி. முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் பிடித்து நின்றால் அதனால் எதையும் காப்பாற்ற முடியாது. இந்த வண்டிக்குச் சரியானது ஸ்லிப்பர்: ஸ்பர் கியரை இரண்டு உராய்வுப் பேடுக்கு நடுவில் வைத்து ஸ்பிரிங்கால் அழுத்துவது. குறிப்பிட்ட முறுக்குவிசை வரை பிடிக்கும், அதற்கு மேல் வழுக்கும்.

சாமான்கள் இவை. மரை வெட்டிய ஸ்லிப்பர் ஷாஃப்ட், 5 மி.மீ. விட்டம், மரை எம்5, அதற்கு அப்பால் ஷாஃப்ட் 4 மி.மீ.க்கு இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நட் உள்ளே ஏறாது. அந்தப் பக்கத்து டிரைவ் கப்பின் (ஷாஃப்ட் முனையில் மாட்டும் பிளவுள்ள கிண்ணத்தின்) துளையும் 4 மி.மீ.தான். ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றுகிற பிளேட் இரண்டு, 2 மி.மீ. தடிப்பு. பேட் இரண்டு, 1.5 மி.மீ. நடுவில் பேரிங் உட்காரும் குழியுள்ள 54 பல் ஸ்பர், 5 மி.மீ. அகலம். 5×11×4 பேரிங் ஒன்று. ஸ்பிரிங் ஒன்று, சும்மா இருக்கையில் 7 மி.மீ., முழுதும் படுத்தால் 4 மி.மீ. 0.5 மி.மீ. வாஷர் இரண்டு. நைலான் வளையமுள்ள எம்5 நட், அதற்கு 8 நம்பர் ஸ்பேனர். 5×7 அளவில் 0.1, 0.2 மி.மீ. ஷிம் (மெல்லிய வளையம்) சில.

ஷாஃப்டை லேத் கடையில் கடைந்துகொள்ளலாம் என்ற யோசனை வரும். ஆலை வேலை செய்யும் லேத் கடை ஊரில் இருந்தாலும், சாதா இரும்பில் கடைந்தது ஊசித் துளையில் முறுகி வெடிக்கும். கடினமாக்கிய ஷாஃப்டாகவே ஆன்லைனில் வாங்குங்கள். பேரிங்கை மட்டும் லோரிக்கும் டிராக்டருக்கும் பேரிங் விற்கிற கடையிலேயே கேட்கலாம், ஆனால் நம்பரைச் சரியாகச் சொல்ல வேண்டும்: 5×11×4 என்பது எம்ஆர்115. 685 என்று கேட்டால் 5×11×5 வரும். அந்த ஒரு மி.மீ. ஸ்பரின் குழிக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், சரியாகப் பொருந்தாது.

பழைய ஸ்பர் 32 பிட்ச் என்று சிலர் நினைத்து அதையே வாங்கிவிடுகிறார்கள். 32 பிட்ச் என்றால் மாட்யூல் 0.794. 0.8 மாட்யூல் பினியனோடு பார்வைக்குப் பொருந்தும், ஓடவும் செய்யும், ஆனால் இரைச்சலும் தேய்மானமும் சேர்ந்தே வரும். பினியன் எந்த வகையோ ஸ்பரும் அதுவே.

இடம் போதுமா என்பதைச் சேசிஸில் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் செய்ய வேண்டும். பிளேட், பேட், ஸ்பர், பேட், பிளேட் சேர்ந்து 12 மி.மீ. வாஷர் இரண்டும் 1, அழுத்திய ஸ்பிரிங் 5, நட் 5. மொத்தம் 23 மி.மீ. இந்த வண்டியில் இரண்டு தாங்கிக்கும் நடுவே 26 மி.மீ. இருக்கிறது. மிச்சம் 3 மி.மீ., நட்டின் பக்கம் ஸ்பேனர் நுழைய அதுதான் வழி.

இனி கணக்கு. இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் கிளட்ச் நட்டை ‘ஃபுல் டைட் பண்ணி கால் சுற்று விடு’ என்பதோடு நிறுத்துகிறார்கள். அந்தப் பேச்சு, ஸ்பிரிங்கையும் வண்டியையும் ஒருவரே சேர்த்து வடிவமைத்த இடத்தில் செல்லும். வெவ்வேறு இடத்துச் சாமானைச் சேர்த்துக் கட்டும்போது செல்லாது.

முதலில் டயர் எவ்வளவு பிடிக்கும் என்று பார்க்க வேண்டும். 2.6 கிலோ வண்டியின் பாரம் 25.5 நியூட்டன். காய்ந்த செம்மண்ணில் உராய்வுக் கெழு 0.8 என்று வைத்தால் டயர் தள்ளக்கூடியது 20.4 நியூட்டன். டயரின் ஆரம் 52 மி.மீ., ஆக சக்கரங்களில் மொத்தம் 1.06 நியூட்டன்மீட்டர். டிஃப் விகிதம் 2.85ஆல் வகுத்தால் நடு ஷாஃப்டில் 0.37. தார் ரோட்டில் மெத்தென்ற டயருக்குக் கெழு 1.2 என்று வைத்தால் 0.56. இதற்கு மேல் ஷாஃப்டில் எவ்வளவு முறுக்கினாலும் டயர்தான் சுற்றும், வண்டி கூடுதலாகப் பாயாது.

மோட்டார் எவ்வளவு கொடுக்கும்? 9.55ஐ கேவியால் வகுத்தால் ஓர் ஆம்பியருக்கான முறுக்குவிசை: 3300க்கு 0.0029 நியூட்டன்மீட்டர். கிளம்பும் நொடியில் 120 ஆம்பியர் இழுத்தால் மோட்டாரில் 0.35, ஸ்பர் விகிதம் 4.15ஆல் பெருக்கினால் ஷாஃப்டில் 1.44. டயர் ஏற்கக்கூடியதைப் போல் நாலு மடங்கு. வண்டி விழும்போது வரும் அடி இதற்கும் மேல். கிளட்சை 0.50இல் வைத்தால் செம்மண்ணில் கிளம்பும்போது அது வழுக்கவே வழுக்காது. தார் ரோட்டில் கொஞ்சம் வழுக்கும். டிஃப் கியருக்குப் போவது முன்பைவிட மூன்றில் ஒரு பங்குதான். இன்னொரு லாபமும் இருக்கிறது: கிளட்ச் வழுக்கும் நேரத்தில் மோட்டார் 42 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டிய அவசியம் இல்லை, 60 ஆம்பியர் இஎஸ்சிக்கு அது ஓய்வு மாதிரி.

0.50 நியூட்டன்மீட்டருக்கு எவ்வளவு அழுத்தம் தேவை என்பது பேடைப் பொறுத்தது. பேடின் நடு ஆரம் 12 மி.மீ., கெழு 0.35, உராயும் முகம் இரண்டு. அழுத்தத்தை இவற்றோடு பெருக்கினால் முறுக்குவிசை. 60 நியூட்டன் அழுத்தினால் 0.504 வருகிறது. ஸ்பிரிங்கின் கடினத்தை அறிய சமையலறைத் தராசு போதும், 5 கிலோ வரை காட்டுவது. ஸ்பிரிங்கைத் தராசின் மேல் நிறுத்தி டிரில் ஸ்டாண்டால் சரியாக 1 மி.மீ. அழுத்தினால் 3 கிலோ சொச்சம் காட்டியது. மி.மீ.க்கு 30 நியூட்டன். எம்5 மரையின் பிட்ச் 0.8 மி.மீ., அதனால் நட்டின் ஒவ்வொரு முழுச் சுற்றும் 24 நியூட்டன். 60 நியூட்டனுக்கு இரண்டரைச் சுற்று.

கட்டும் வரிசையில் கஷ்டம் ஒன்றுமில்லை, சுத்தம்தான் முக்கியம். கண்ணாடியின் மேல் 400 நம்பர் உப்புத்தாளை வைத்து, பிளேட்டை எட்டு போட்டபடி மெல்லத் தேய்த்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும். பளபளப்பு சீராக மங்கியதும் நிறுத்தலாம். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு விரலால் தொடாமல் ஓரத்தைப் பிடித்தே மாட்ட வேண்டும். பேரிங்கை ஸ்பருக்குள் அழுத்தும்போது வெளி வளையத்தில் மட்டும் அழுத்தம் போக வேண்டும். ஸ்பர் ஷாஃப்டில் கையால் தட்டினால் தடையின்றிச் சுழல வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. ஆடினால் 0.1 ஷிம். பேரிங் போடாமல் ஸ்பரை நேரடியாக ஷாஃப்டில் ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் துளை முட்டை வடிவமாகிவிடும், அதற்குப் பிறகு மெஷ் (பினியன் பல்லும் ஸ்பர் பல்லும் பொருந்தும் இடைவெளி) எப்படி வைத்தாலும் நிற்காது.

வெளிப் பிளேட்டின் துளை டி வடிவம். இந்த டி தேய்ந்திருக்கிறதா என்று கவனித்துப் பாருங்கள், பல பேர் விட்டுவிடும் இடம் இதுதான். இரண்டு பிளேட்டும் ஷாஃப்டோடு பூட்டியிருந்தால் கிளட்ச் வழுக்கும்போது நட்டுக்கு எதுவும் தெரியாது. டி தேய்ந்து பிளேட் சுற்ற ஆரம்பித்தால் அது வாஷரையும் ஸ்பிரிங்கையும் தொடர்ந்து நட்டையும் இழுக்கும். ஒரு திசையில் நட் தானே இறுகும், எதிர்த் திசையில் தானே தளரும். ‘நேற்று செட் பண்ணது இன்றைக்கு மாறிப்போச்சு’ என்று வருகிற வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இது. நைலான் நட்டையும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. கையால் திருகினாலே ஏறுகிற நட் குப்பைக்கு.

நட்டை இறுக்கி, ஸ்பிரிங் ஆட்டம் நிற்கிற இடத்தில் நிறுத்துங்கள். நட்டின் ஒரு முகத்திலும் பிளேட்டிலும் மார்க்கரால் கோடு. அங்கிருந்துதான் சுற்று எண்ண வேண்டும்.

சேசிஸில் ஏற்றும் முன்பே மேசையில் அளந்துவிடலாம். பயணப்பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் தூக்குத் தராசு பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கிடைக்கும், அது போதும். ஸ்பரை இரண்டு மரத்துண்டுக்கு நடுவில் வைத்து வைஸில் படுக்கையாகப் பிடியுங்கள், ஷாஃப்ட் செங்குத்தாக நிற்க வேண்டும். டிரைவ் கப்பின் பிளவில் இரும்புத் தகடு ஒன்றைச் செருகுங்கள். ஷாஃப்டின் மையத்திலிருந்து சரியாக 100 மி.மீ.யில் தகட்டில் ஒரு வெட்டு, தராசுக் கொக்கி அதில். தராசைப் படுக்கவைத்த நிலையில் பூஜ்யமாக்கிவிட்டு, தகட்டுக்குச் செங்கோணமாக இழுக்க வேண்டும். முதலில் ஓர் எண் குதித்துவிட்டு இறங்கும், அதை விட்டுவிடுங்கள். சீராக வழுக்கிக்கொண்டு வரும்போது காட்டும் எண்தான் கணக்கு. 100 மி.மீ. கையில் 0.50 நியூட்டன்மீட்டர் என்றால் 510 கிராம்.

கணக்குப்படி இரண்டு சுற்றில் 410 கிராம், இரண்டரையில் 515, மூன்றில் 615, மூன்றரையில் 720. கால் சுற்றுக்கு 50 கிராம் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். மூன்றே முக்கால் சுற்றில் ஸ்பிரிங் முழுதும் படுத்துவிடும். அதற்கு மேல் அது கிளட்ச் இல்லை, ஊசி போட்ட பழைய ஸ்பர்தான். ‘ஃபுல் டைட், கால் சுற்று’ என்ற வாய்மொழியை இந்த ஸ்பிரிங்கில் செய்தால் மூன்றரைச் சுற்றில் நிற்கும். தார் ரோட்டில்கூடக் கிளம்பும்போது வழுக்காத இறுக்கம் அது.

புது பேட் கணக்கைவிடக் குறைவாகவே பிடிக்கும். இரண்டரைச் சுற்றில் முதலில் 430 கிராம்தான் காட்டியது. முகம் முழுதும் பிளேட்டில் படியவில்லை என்று அர்த்தம், நட்டை இறுக்கிவிடக் கூடாது. வண்டியில் ஏற்றி, சக்கரத்தைச் சுவரில் முட்டவைத்து, கால்வாசி டிரிக்கரில் ஒவ்வொரு நொடியாக ஐந்தாறு தடவை வழுக்கவிட்டு, நடுவில் ஆறவைத்து, கழற்றி மறுபடி அளந்தால் 500க்கு வந்துவிட்டது. பேடின் மேல் இப்போது வட்டமாகச் சாம்பல் நிறத் தடம் ஒன்று சீராக ஓடுகிறது; தடம் அரை வட்டத்தோடு நின்றால் பிளேட் வளைந்திருக்கிறது.

மெஷ் வழக்கம் போலத்தான். சாதாக் காகிதத் துண்டு ஒன்றைப் பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவே விட்டு மோட்டாரை அழுத்தி இறுக்கி, காகிதத்தைச் சுற்றி எடுத்துவிட வேண்டும். ஸ்பரைக் கால் கால் சுற்றாகத் திருப்பி நான்கு இடத்தில் ஆட்டம் பாருங்கள், கிளட்ச் ஸ்பரில் சின்னக் கோணல் எப்போதும் இருக்கும், இறுக்கமான இடத்தை வைத்துத்தான் மோட்டாரை நிறுத்த வேண்டும். பினியனின் கிரப் ஸ்க்ரூ மோட்டார் தண்டின் தட்டையான முகத்தில் உட்கார வேண்டும், நீல லாக்டைட் (மரையைப் பூட்டும் பசை) ஒரு துளி. பிளாஸ்டிக் பக்கம் லாக்டைட்டைக் கொண்டுபோகாதீர்கள்.

இஎஸ்சியில் பஞ்ச் (கிளம்பும்போது பாயும் வேகம்) குறைந்த நிலை, பிரேக் 50 சதவீதம். கிளட்ச் பிரேக்கிலும் வழுக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஓட்டிப் பார்ப்பது தார் ரோட்டில். நின்ற இடத்திலிருந்து முழு டிரிக்கர் கொடுத்தால் அரை மீட்டர் தூரம் ‘ஸ்ஸ்ர்’ என்று மெல்லிய கீச்சு கேட்டு அடங்க வேண்டும். ஒரு மீட்டரைத் தாண்டியும் கேட்டால் கால் சுற்று இறுக்கலாம். செம்மண்ணில் அந்தச் சத்தம் கிளம்பும்போது வரவே கூடாது, குதித்து விழும்போது மட்டும் வரலாம். மணல் மேடுதான் கிளட்சுக்கு எமன். சக்கரம் புதைந்து நிற்க, மோட்டார் முழு வேகத்தில் சுற்றினால் பேடில் வெளியாகும் வெப்பம் 460 வாட்டைத் தொடும். 60 வாட் சால்டரிங் அயர்ன் எட்டை ஒன்றாக ஸ்பர் கியரின் மேல் வைப்பதற்குச் சமம். நைலான் ஸ்பர் முதலில் பேரிங்கைச் சுற்றி இளகும், பிறகு பேரிங் சாய்ந்து மெஷ் போய் பல் வழித்துக்கொண்டு போகும். கீச்சு ஒரு நொடிக்கு மேல் நீண்டால் டிரிக்கரை விட்டுவிட்டு வண்டியைக் கையால் தூக்கி வையுங்கள். அடிக்கடி மணலில் ஓட்டுகிறவர்கள் எஃகு ஸ்பருக்கு மாறலாம், இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பேடைக் கெடுப்பது எண்ணெய். தோட்டத்தில் இதற்குத் தனி வழி ஒன்று இருக்கிறது: தரையில் கிடக்கும் செம்பனை உதிரிப் பழம் டயரில் நசுங்கி, எண்ணெய் ஊறிய நார் சேசிஸுக்கு அடியில் ஒட்டும். கியர் மூடியில் விரிசல் இருந்தால் அது உள்ளே போய்ப் பேடின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் படிந்திருக்கும். அதற்குப் பிறகு எத்தனை சுற்று இறுக்கினாலும் பிடி வராது. லேசாக ஒட்டியிருந்தால் பிரேக் கிளீனரில் கழுவி 400 தாளில் தேய்த்துப் பார்க்கலாம், ஊறிவிட்டால் புதுசுதான். பிரேக் கிளீனர் பாலிகார்பனேட் பாடியில் பட்டால் வெடிப்பு விழும், பாடியைத் தள்ளி வைத்துவிட்டுச் செய்யுங்கள். கப்சாய் கிளட்ச் பிளேட்டிலிருந்து பேட் வெட்டிப் போடும் பழக்கமும் உண்டு. அது எண்ணெயில் ஊறி ஓடுவதற்கென்றே செய்த பொருள். உலர்ந்து ஓடினால் திடுக்கென்று பிடித்து, கருகி, கண்ணாடி போல் ஆகிவிடும்.

மழையில் நனைந்தால் பேடின் பிடி குறையும், காய்ந்ததும் திரும்பும். ஈரத்தில் வழுக்குகிறதே என்று நட்டை இறுக்கினால் மறுநாள் வெயிலில் கிளட்ச் பூட்டிக்கொள்ளும். எஃகு பிளேட் ஒரே இரவில் துருப்பிடித்துப் பேடோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. சாயங்கால மழையில் ஓட்டிவிட்டு வந்தால் கியர் மூடியைக் கழற்றி மின்விசிறி முன்னால் வைத்துவிடுங்கள். அடுத்த தடவை ஓட்டும் முன் வண்டியைத் தூக்கிப் பின் சக்கரம் இரண்டையும் சும்மா விட்டு, ஒரு முன் சக்கரத்தை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மோட்டார் பினியன் நகராமல் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகி, மற்ற முன் சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள்: அந்தச் சக்கரம் டிஃப் வழியாகச் சுற்றாமல் இறுக்கமாகத் தடுத்து, அப்புறம் வழவழவென்று நகர்ந்தால் கிளட்ச் வழுக்குகிறது. அசையவே இல்லையென்றால் பேட் ஒட்டியிருக்கிறது. நட்டைத் தளர்த்தி, பிளேட்டைப் பிரித்து, துருவைத் தேய்த்து, மறுபடி 510 கிராமுக்கு வையுங்கள்.

பெட்டியில் எப்போதும் கிடக்க வேண்டியவை: பேட் ஒரு ஜோடி, நைலான் நட் இரண்டு, ஸ்பர் ஒன்று, எம்ஆர்115 பேரிங் ஒன்று, 8 நம்பர் ஸ்பேனர், 100 மி.மீ.யில் வெட்டிய அந்தத் தகடு.